மூடுபனியில் நிற்க ஓர் ஆள்

அன்புள்ள உனக்கு,

ஏரியின் மேல் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வருடக் காலண்டருக்கான கோடைப் படமும் மழைப் படமும் இலையுதிர்காலப் படமும் அச்சகத்துக்குப் போய்விட்டன. பாக்கி இருந்தது பனிப் படம் ஒன்றுதான்.

வெறும் பனிக்குள் கேமரா ஃபோகஸ் பிடிக்கமாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் நீ போய்க் கரையில் நிற்பாய். உன் மேல் ஃபோகஸ் வைத்த பிறகு விலகச் சொல்வேன். "நகரட்டுமா, இல்ல இங்கயே வேர் விட்டுரட்டுமா?" என்பாய். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆளில்லாத பனிப் படங்களெல்லாம் அப்படி எடுத்தவைதான்.

இந்தத் தடவை உன் இடத்தில் குடையை விரித்து வைத்தேன். ஃபோகஸ் வைத்து, ஓடிப்போய் அதை எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பனி கலைந்துவிடுகிறது. தினமும் இதே கதை. நேற்று அலுத்துப்போய்க் குடையோடு எடுத்தே அனுப்பிவிட்டேன்.

அச்சகத்துக்காரர் போன் செய்தார். "படம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா குடைக்காரர் எங்கன்னு எல்லாரும் கேப்பாங்களே."

"நானும் அதைத்தான் கேட்டுட்டிருக்கேன் சார்" என்றேன். அவர் சிரித்தார்.

இரண்டு மாத வேலை என்று கோடையில் கிளம்பிப் போனாய். வேலை நீள்கிறது என்கிறாய், நீளட்டும். உன் அலமாரியை நான் இன்னும் தொடவில்லை. வருவதாக இருந்தால் எழுது. வரப்போவதில்லை என்றாலும் எழுது, தாங்கிக்கொள்வேன். "பார்க்கலாம்" என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

இன்னமும்
உன்னவள்