பாலம் இல்லாத தலை

ஜனவரி 9

இது இங்காவின் டைரி. இதை யார் எடுத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம்.

போன வாரம் ஐஸ் ஹாக்கியில் பக், அந்த ரப்பர் வட்டு, என் முகமூடியில் பட்டது. நான் கோல் கீப்பர், படாமல் இருந்தால்தான் அதிசயம். சந்தேகத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அடி ஒன்றும் இல்லையாம். ஆனால் மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் சேர்க்கிற தடித்த நரம்புக் கற்றை எனக்குப் பிறவியிலேயே இல்லையாம்.

"அப்போ இத்தனை நாளா கணக்கெல்லாம் யார் போட்டது?" என்றேன். டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஜனவரி 12

என் கையிலிருந்து காபிக் கோப்பை விழுந்து உடைந்தது. அம்மா: "அதனாலதான்." நான் பதில் சொல்லத் தாமதம். "அதனாலதான்."

இன்று சாப்பிடும்போது: "அப்பா விட்டுட்டுப் போனப்ப நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேடி. ஏன்னு இப்பதான் புரியுது."

புரிந்துவிட்டதாம். அன்றைக்கு நீ அழுதுகொண்டிருந்தாய், அம்மா. அடுப்பில் ஓட்ஸ் தீய்ந்துகொண்டிருந்தது. யாராவது ஒருத்தி அழாமல் இருக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 15

அம்மா கோச் ஹாகனிடம் சொல்லிவிட்டாள். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான், இங்கா. பெரிய ஆஸ்பத்திரில பாத்துட்டு வா."

என் இடத்தில் நிற்கிற ஜாஸ்லின் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இடது பாதி பாத்ததை வலது பாதிக்கு எப்படிடி சொல்லும்? தபால் போடுமா?"

இந்தத் தீவுக்கே பாலம் கிடையாது. ஏரி உறைந்ததும், பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாக நட்டு வழி குறித்து, அந்தப் பனிக்கட்டி மேல்தான் லாரி முதற்கொண்டு ஓட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் போகிறோம். இவர்களுக்கா புரியாது?

ஜனவரி 18

இன்றும் பெஞ்ச்.

ஜனவரி 24

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. இந்த முறை மூளை வேலை செய்வதையே பார்க்கிற சோதனை. குழாய்க்குள் படுத்து விரலை மடக்கு, நீட்டு, சும்மா இரு. டாக்டர் பெலாஞ்சே திரையைக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் சேந்து எழும்புது, சேந்து அடங்குது, பாத்தியா? கம்பி எங்கெங்க ஓடுதுன்னு மட்டும் பாத்துட்டு உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிட முடியாதும்மா. உன் மூளை வேற வழி கண்டுபிடிச்சிருக்கு. தாராளமா விளையாடு."

திரும்பும்போது காரில் பாடிக்கொண்டே வந்தேன். அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

ஜனவரி 26

கோச் அம்மாவிடம் கேட்டார், "என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் தெளிவாத் தெரியல."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பயம். அம்மா பொய் சொல்றாள்னு நானே சொல்லிட்டா, அப்புறம் அவளுக்கு யார் இருக்கா?

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அந்த முதல் படத்தை நான் என் கண்ணால பாத்தேன்டி. நடுவுல ஒண்ணுமே இல்ல. அவங்க என்ன வேணா சொல்லட்டும்."

ஜனவரி 30

கோச்சிடம் நானே உண்மையைச் சொன்னேன். நம்பினார், பாவம். இன்று கோலில் நிறுத்தினார்.

பக் வந்தபோது என் இடது கையைப் பார்த்தேன். அசையுமா என்று. ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அசைந்தது — தாமதமாக. மறுபடியும் தாமதம். மறுபடியும். தோற்றோம்.

போன மாதம் இருந்த அதே தலைதான். ஒரு நரம்புகூடக் கூடவில்லை, குறையவில்லை.

அம்மா பார்வையாளர் வரிசையின் மேல் படியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வருத்தமாகக்கூட இல்லை. நிம்மதியாக.

பிப்ரவரி 2

கோச் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு ஆட்டம் போனா போகுது. சனிக்கிழமை நிக்கிறியா?"

நிற்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மாவைக் கேளுங்க," என்றேன்.

நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஏன் அப்படி —

அம்மா கதவைத் தட்டுகிறாள். விளக்கை