திண்டிவனத்தில் அக்கா போட்ட வீடியோ கேம் கடை

என் வீம்புக்கார ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் ஆத்மாவுக்காக வைத்த பூசை போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. இந்த வெயிலில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். மாதா கோயில் நிறைந்துவிட்டது. பூசை முடிந்ததும் வீட்டில் பந்தி போட்டோம். அங்கேதான் பெரியப்பா ஆரம்பித்தார்.

"பாவம்டா ஸ்டெல்லா. அந்த கேம் கடை பைத்தியம் மட்டும் புடிக்காம இருந்திருந்தா, இந்நேரம் பேரன் பேத்தி எடுத்துக்கினு ராணி மாதிரி இருந்திருப்பா. ஒரு பொட்டிக்காக வாழ்க்கையத் தொலைச்சிட்டா."

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "பெரியப்பா, எங்க அக்காவப் பாவம்னு சொல்றதா இருந்தா, சாப்ட்டுட்டு கெளம்புங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குள் அடுத்த பந்திக்கு ஆள் வந்துவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன், நாலு பேர் படிக்கட்டும் என்று. உனக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கினு இரு.

எண்பத்தாறோ எண்பத்தேழோ இருக்கும். அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நம் வீடு. எனக்குப் பதினொரு வயது, போலியோ வந்த இடது காலில் கம்பி வைத்த பூட்ஸ். நீ பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தாய். வாராவாரம் காலுக்குப் பயிற்சி கொடுக்க என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது உன் பொறுப்பு. அங்கே காலை மடக்கி நீட்டும்போது உயிர் போகும். ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டேதான் வெளியே வருவேன்.

அப்படி வந்த ஒரு நாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஓர் அறையிலிருந்து விநோதமான சத்தம். வாசலில் நீலத் திரை தொங்கியது. துபாயிலிருந்து திரும்பியிருந்த அன்வர் அண்ணன் ஒரு கலர் டிவியும் கறுப்புப் பெட்டியும் வைத்து வீடியோ கேம் கடை போட்டிருந்தார். நீ திரையை விலக்கி எட்டிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"அழுவறத நிறுத்தினன்னா உள்ள கூட்டினு போறேன்."

உடனே நிறுத்திவிட்டேன்.

டிவிக்குள்ளே மேலிருந்து பூச்சி பூச்சியாக எதிரிகள் வரிசைகட்டி இறங்குவார்கள். கீழே நமக்கு ஒரு சின்னப் பீரங்கி வண்டி. ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் சாய்த்து வண்டியை நகர்த்த வேண்டும், சிவப்புப் பொத்தானை அமுக்கிச் சுட வேண்டும். அதன் சொந்தப் பெயர் என்னவோ, விழுப்புரத்துக்கு அது 'பூச்சி ஆட்டம்'. முதல் தடவை ஸ்டிக்கைச் சாய்த்தேன். சாய்த்த பக்கம் வண்டி பறந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குவார்ட்டர்ஸ் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது என்னை ஓரமாக உட்காரவைத்து ஸ்கோர் சொல்லச் சொல்வார்கள். இங்கே என்னை யாரும் ஓரம் போகச் சொல்லவில்லை.

'அந்த ஆட்டம்தான் இவனுக்குக் கால் கொடுத்தது' என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் சண்டைக்குப் போவேன். என் கால் அதே காலாகத்தான் இருந்தது. ஆட்டம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்ததற்குக்கூட ஒரு காரணம் காட்ட வேண்டுமா என்ன?

நான் தோற்றதும் நீ சொன்னாய், "தள்ளு, நான் பாக்கறேன்."

பின்னால் நின்றிருந்த காலேஜ் பையன்களில் ஒருத்தன் சிரித்தான். "இன்னாமா, கோலம் போடற எடம்னு நெனச்சி வந்துட்டியா?"

நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கோலமும் போடுவேன், இதையும் ஆடுவேன். ஒனக்கின்னா பேஜாரு? என் ஆட்டம் முடிஞ்சா ஒன் ஆட்டம்."

உன் ஆட்டம் முடியவே இல்லை அக்கா. அந்தப் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ கிளாசோடு வந்த அன்வர் அண்ணன் குடிக்க மறந்து நின்றார். "இந்தப் பொட்டிய நான் வாங்கினதிலிருந்து யாரும் இவ்ளோ தூரம் போனதில்லமா. பூச்சிங்க இவ்ளோ ஜல்தியா எறங்கும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன், "அக்கா, இதுல கடைசியா எப்ப ஜெயிப்போம்?"

"ஜெயிக்கறதுன்னே ஒண்ணு கெடையாது போலடா. அதுங்க எறங்கிக்கினே இருக்கும். நாம சுட்டுக்கினே இருக்கணும்."

அப்புறம் ஆஸ்பத்திரி நாள் என்றால் நான் காலையிலேயே கிளம்பி நிற்பேன். தம்பியைக் கூட்டிப்போகிறேன் என்பது உனக்குச் சாக்கு. அக்கா கூட்டிப்போகிறாள் என்பது எனக்குச் சாக்கு. அந்தக் கடையில் புள்ளிக் கணக்கில் உன்னை ஜெயிக்க ஆள் கிடையாது. சந்தோஷத்தில் உன் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த டிவி வெளிச்சத்தில்தான்.

பேச்சு அப்பா காதுக்குப் போகாமல் இருக்குமா? போனது. போன நேரம்தான் கெட்ட நேரம். திண்டிவனத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். நல்ல வசதி, நல்ல குடும்பம். மாப்பிள்ளைக்கு உன்னைப் பிடித்தும் போயிற்று. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணு வீடியோ கேம் கடைக்குப் போய்க்கினு வர்றதா ஊர்ல ஒரு பேச்சு. ஆம்பளப் பசங்க கூடற எடம். எங்களுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல. இனிமே அந்தப் பக்கம் போவ மாட்டேன்னு மாதா படத்துக்கு முன்னால ஒரு சத்தியம் பண்ணிட்டா போதும்."

அப்பாவுக்கு நிம்மதி. "அவ்ளோதானே? பண்ணுமா" என்றார்.

நீ காபித் தட்டை ஸ்டூலில் வைத்தாய். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஏதாச்சும் திருடினேனா மாமா?"

"சேச்சே, இன்னாமா நீ."

"யாருகூடவாச்சும் சுத்தினேனா?"

"அப்பிடிலாம் யாரும் சொல்லலியே."

"அப்ப சத்தியம் எதுக்குங்க? கல்யாணம் ஆனா நேரம் கெடைக்காம நானே போவாம இருக்கலாம். சலிச்சிப்போயி போவாம இருக்கலாம். ஆனா தப்புப் பண்ணவ மாதிரி மாதா முன்னால நின்னுக்கினு சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன்." பிறகு தலை குனிந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாய், "நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் அவருடைய அப்பாவைப் பார்த்தார். "அப்பா சொல்றதுதான்."

"அப்ப காபி ஆறிடப்போவுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர்கள் போனதும் அப்பா உன்னை அடித்தார். அடித்துவிட்டு, அடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா யாரும் தொடாத காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அப்பா உன்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். 'உப்பு போதலை' என்றால்கூட அதை என்னிடம்தான் சொல்வார்.

கொஞ்ச நாளில் அன்வர் அண்ணனுக்கு மறுபடி விசா வந்தது. கடையை மூடப்போகிறார், டிவியையும் பெட்டியையும் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு நான் அழுதேன். நீ அழவில்லை, யோசித்தாய். இரண்டு நாள் கழித்து அம்மா சமையலறையில் உன்னைக் கூப்பிட்டு உன் கையில் ஒரு சங்கிலியை வைத்ததை நான் பார்த்தேன்.

"கல்யாணத்துக்குன்னு பண்ணி வெச்சது. பீரோல கெடந்து இன்னா பண்ணப்போவுது? போயி அந்தப் பொட்டிய வாங்கு."

"அப்பா?"

"அத நான் பாத்துக்கறேன்டி. இவ்ளோ வருஷமா நான்தானே பாத்துக்கினு இருக்கேன்."

அம்மாவுக்குள் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று உனக்கு முன்னாடியே தெரியுமா அக்கா? எனக்குத் தெரியாது.

விழுப்புரத்தில் உனக்கு வாடகைக்கு இடம் கொடுக்க ஆளில்லை. திண்டிவனத்தில் சின்னம்மா தன் வீட்டு முன்னறையைத் தந்தார்கள். "அந்த மாப்ள வூட்டுக்காரங்க இருக்கற ஊர்லயா?" என்று கேட்டேன். "அந்த ஊர்லதான்டா. நான் இன்னாத்துக்கு ஒளியணும்?" என்றாய்.

வீடியோ கேம் கடை நடத்தும் பொம்பளையைத் திண்டிவனம் அதுவரை பார்த்ததில்லை. பையன்கள் வந்தார்கள், ஆடினார்கள், தோற்றார்கள். அதோடு நீ சும்மா இருந்தாயா? வாசலில் ஒரு போர்டு மாட்டினாய்: 'சனிக்கிழமை காலை பெண்களுக்கு மட்டும்'. மறுநாளே யாரோ அதில் சாணியைப் பூசினார்கள். நீ கழுவி மாட்டினாய். மறுபடி பூசினார்கள். மறுபடி கழுவினாய். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருத்தர் பெண்பிள்ளைகளை நிறுத்திவைத்து, அந்தத் தெருப் பக்கமே போகக்கூடாது என்று சொன்னாராம். அப்படி ஒரு தெரு இருப்பதே அதற்குப் பிறகுதான் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

கோமதி வந்தாள். கிளியனூரிலிருந்து பஸ் ஏறித் தையல் கிளாசுக்கு வருகிற பெண். முதல் நாள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் உள்ளே வந்தாள். அதற்கடுத்த வாரம் அவளுடைய அம்மா வந்தார்கள், கையில் செருப்போடு. பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்த நானும் அப்போது கடையில்தான் இருந்தேன்.

"எவடி அவ, பொம்பளப் புள்ளைங்களக் கெடுக்கறவ?"

"நான்தாங்க. வாங்க, உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாய்.

கோமதி பயத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டாள். பூச்சிகள் கீழே இறங்கி அவள் வண்டியை நொறுக்கின. டிவி ஒரு பெரிய சத்தம் போட்டு நின்றது. அந்த அம்மா திடுக்கிட்டுப்போனார்கள்.

"இன்னா ஆச்சி?"

"ஒங்க பொண்ணு தோத்துட்டாங்க."

"தோத்துட்டா இன்னா பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. திரும்ப மொதல்லருந்து ஆடலாம்."

"யாரும் திட்ட மாட்டாங்களா? யாருக்கும் பதில் சொல்ல வேணாமா?"

"வேணாங்க."

அந்த அம்மா டிவியையே பார்த்தார்கள். வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து நேராக வந்திருப்பார்கள் போல, விரலிடுக்கெல்லாம் செம்மண். கையிலிருந்த செருப்பு மெல்லக் கீழே இறங்கியது. "அந்த மாதிரி ஒண்ணு எங்களுக்கு எங்க இருந்துது?" என்றார்கள். உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகு ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். "ஆடுடி. முடிச்சிட்டு ஜல்தியா வா. மல்லாட்ட புடுங்க ஆள் இல்ல."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உன் கண் கலங்கியிருந்தது. அப்பா அடித்தபோதுகூடக் கலங்காத கண்.

அப்பா? ரயிலில் திண்டிவனத்தைத் தாண்டி எத்தனையோ தடவை போனார், வந்தார். ஒரு தடவைகூட இறங்கி உன் கடையை எட்டிப் பார்க்கவில்லை. கடைசிக் காலத்தில் நீதான் அவருக்குக் கஞ்சி ஊட்டினாய். அப்போது அவர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது மன்னிப்பா? உன்னிடம் ஒருமுறை கேட்டேன். "மன்னிக்கறதுக்கு நான் இன்னாடா பண்ணேன்?" என்றாய்.

வீட்டுக்கு வீடு டிவி கேம் வந்த பிறகு கடைக்கு ஆள் குறைந்தது. நீ முகத்தைத் தொங்கப்போடவில்லை. ஜெராக்ஸ் மெஷின் போட்டாய், பிறகு கம்ப்யூட்டர் வைத்தாய். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தாய். கிடைக்காமல் போகவில்லை பெரியப்பா, வேண்டாம் என்றுதான் இருந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நான் கணக்கு வாத்தியார் ஆனேன். தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டுப் பயந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் என் வாயில் தானாக வருவது, "ஒண்ணும் ஆவல, மொதல்லருந்து போடு." இதை எந்த டிரெயினிங் ஸ்கூலில் படித்தேன்? நீலத் திரை போட்ட ஸ்கூலில்தான்.

கடைசி நாட்களில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, என் மகள் போனில் அந்தப் பூச்சி ஆட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "ஸ்டிக் இல்லாம இது இன்னாடி ஆட்டம்?" என்று திட்டிக்கொண்டே அவளைத் தோற்கடித்தாய். நர்ஸ் வந்து போனைப் பிடுங்கும்வரை விடவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு நமக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். கிளியனூரிலிருந்து, கண்டமங்கலத்திலிருந்து, சென்னையிலிருந்துகூட. நம் சொந்தக்காரர்கள் 'இவங்கள்லாம் யாரு?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். நரைத்த தலையோடு ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கோமதிங்க, சனிக்கெழம கோமதி" என்றார்கள்.

இப்போது கல்லறைக்குக் கல் செய்யக் கொடுத்திருக்கிறோம். பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று வீட்டில் பெரிய சண்டை. 'இறைவனில் இளைப்பாறுகிறார்' போதும் என்கிறார்கள். நீ என்றைக்கு இளைப்பாறினாய்? பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டேன். கல்லில் வெட்ட நான் சொன்ன வார்த்தையைக் கேட்டுவிட்டு, "நல்லா ஆடுவாங்களா?" என்றார். "திண்டிவனத்துல அவங்கள ஜெயிச்ச ஆள் இல்லிங்க சாமி" என்றேன். "அப்ப எழுதிக்குங்க" என்றார்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. யார் முகம் சுளித்தாலும் சரி, யார் பந்தியை விட்டு எழுந்து போனாலும் சரி, உன் கல்லில் பெரிய எழுத்தில் வெட்டவைப்பேன்: 'ஸ்டெல்லா, வீடியோ கேம் கடைக்காரி.'

என்றும் உன் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்க்கிற தம்பி,
அருள்
விழுப்புரம்