எலுமிச்சை விளக்கு

வெள்ளி இரவு, வண்டன்மேடு

உதவித்தொகை எனக்குத்தான். அதைத் தரும் வக்கீல் ஆபீசிலிருந்து சாயங்காலம் போன் வந்தது. சட்டப் படிப்பை நிறுத்த வேண்டாம். அப்பாடா.

அதற்கான நேர்காணலில் பக்கத்து வீட்டுச் செல்வியக்கா கதையைச் சொன்னது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்து கால் ஒடிந்தவள். நஷ்டஈடு கேட்கச் சொல்லி, லேபர் ஆபீசில் மலையாளத்தில் ‘நஷ்டபரிஹாரம்’ என்றிருக்கிறார்கள். அக்கா காதில் பரிகாரம் மட்டும் விழுந்தது. கட்டுப்போட்ட காலோடு கோயிலில் எலுமிச்சை விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் வலியைச் சிரிப்பாக்கிவிட்டேனோ...

இன்று அவளிடமே சொல்லிவிட்டேன். அவளும் சிரித்தாள்.

“பாத்தியா புள்ள, எனக்குப் போட்ட வெளக்கு ஒனக்குப் பலிச்சிருச்சு. எங் கேசு இன்னும் கெடக்கு. வக்கீலாகி, அடுத்த வெளக்க நீ கோர்ட்டுல போடு.”