நிற்காத வளையம்

மார்ச் 3
பள்ளிக்கூடம் கட்டப்போகிற இடத்து மண்ணைச் சோதித்து முடித்தேன். ஒரு கிராமுக்குள் 312 சதுர மீட்டர் பரப்பு. துகள் துகளாக விரித்தால் எங்கள் வீடு மூன்று அதில் அடங்கும். இத்தனை பரப்புள்ள களிமண் தண்ணீரைக் கண்டால் உப்பும். அஸ்திவாரம் ஆழமாகப் போகாவிட்டால் சுவர் பிளக்கும்.

மண் கரைசலில் நீலச்சாயம் விட்டுக் கலக்கி, ஒரு துளியை வடிதாளில் வைத்தால் வெளிர்நீல வளையம் வரும். ஐந்து நிமிடம் கலக்கி மறுபடி வைத்தால் காணாமல் போகும். மண்ணுக்குப் பசி அடங்கவில்லை, இன்னும் சாயம் விட வேண்டும் என்று அர்த்தம். வளையம் நிற்கிற வரை மண் குடித்த சாயம்தான் பரப்புக்குக் கணக்கு. எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை, கைதான் சொன்னது. ஒன்பது தடவை ஏமாற்றிவிட்டு நின்றது.

மார்ச் 5
நாளை கண் ஆஸ்பத்திரி. பார்வை மங்குவது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

மார்ச் 9
அறிக்கையில் 140!

நான் இல்லாத அன்று அவளே செய்திருக்கிறாள். வீட்டில் மகள், ஆய்வகத்தில் என் அதிகாரி. கீழே ஒரு வரி: 'உதவியாளருக்குக் கண் பார்வைக் குறைவு. முந்தைய அளவு ஏற்கத்தக்கதல்ல.'

"வளையம் வந்துச்சு, எழுதிட்டேன். இன்ஜினியர் அவசரப்படுத்தினார்ப்பா."

"என் கண்ணை எதுக்கு இழுத்தே?"

நம்பிச் சொன்னதை எடுத்து என்னையே குத்தினாளே. ஊரான் செய்திருந்தால் தூங்கியிருப்பேன்.

மார்ச் 10
மனைவி: "பெத்த பொண்ணுதானே, விட்டுக் கொடுங்களேன். பிடிச்ச பிடியிலேயே நின்னா எப்படி?"

எதை விட்டுக் கொடுப்பது? அந்தச் சுவருக்குக் கீழே இவளா போய் உட்காரப் போகிறாள்?

மார்ச் 11
அவள் கொட்டாமல் போட்டிருந்த கரைசல் அலமாரியில் இருந்தது. ஒரு சொட்டுச் சாயம்கூடச் சேர்க்கவில்லை. கலக்கினேன், துளி வைத்தேன். நடுவில் நீலம், சுற்றிலும் வெள்ளை. வளையமே இல்லை. தாளை அவள் மேசையில் வைத்து எடைக்கல்லைத் தூக்கி வைத்தேன்.

மார்ச் 12
எடைக்கல் மட்டும் கிடக்கிறது; தாளை அவள் எடுத்துப் போயிருக்கிறாள்.

மார்ச் 13
என் மேசையில் ஒரு வடிதாள். பதினோரு துளி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் கையெழுத்தில் நேரம். கடைசி வளையம் நின்றிருக்கிறது. அறிக்கையின் நகலில் என் கண்ணைப் பற்றிய வரியை அடித்திருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் போனில் அவள் குரல்: "குழி தோண்டுறதை நிறுத்துங்க சார். தப்பு என்னோடதுதான்."

140 இருந்த இடத்தில் 290.

என் 312-க்கு இருபத்திரண்டு குறைகிறது. பரவாயில்லை என்று எழுதக் கை வரவில்லை. மறுபடி எடை போட்டுப் பார்க்க மண்ணை எடுத்து உலர வைத்திருக்கிறேன்.

"கண்ணாடி வந்துடுச்சாப்பா?" என்றாள்.

போட்டுக்கொண்டு தராசைப் பார்த்தேன்.