ஜேபெட்டியின் மாமியார் பனியில் நடக்கிறார்

பிப்ரவரி 11
இந்த வருடக் குலுக்கலில் பனிக்கரடி வேட்டை உரிமை ஜேபெட்டிக்கு விழுந்தது. வந்து நின்று சிரிக்கிறார். "தாத்தா, உன் கழுத்துப்பட்டைக்காரி இந்தப் பக்கம்தான் சுத்துறாளாமே? நல்ல தோலு."

எனக்கு அவருடைய தாத்தாவின் பேர். அதனால் ஐம்பது வயசு மனுஷன் என்னைத் தாத்தா என்கிறார், நான் அவரைப் பேராண்டி என்கிறேன். இறந்தவரின் பேரைச் சுமப்பவர்தான் இனி அந்த ஆள். எங்கள் ஊர் வழக்கம்.

ஆய்வுக்காக மூன்று கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினோம். இப்போது சிக்னல் தருவது இவள் ஒருத்திதான். கடல் பனியில் இவள் எங்கே போகிறாள், எங்கே தங்குகிறாள் என்ற தடம் வசந்தம் வரை வேண்டும். ஏப்ரல் கூட்டத்தில் வேட்டைக்காரர்கள் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருடமும் பட்டை. எதிர்ப்பதில் முதல் ஆள் ஜேபெட்டி. "கரடி எங்க போகும்னு என்னைக் கேளேன். அது கழுத்துல எதுக்கு ரேடியோ?"

சுடட்டும் பார்க்கலாம்.

பிப்ரவரி 12
அவர் மனைவி மியாலியிடம் போனேன். போன குளிர்காலத்தில் இறந்த அவள் அம்மாவின் பேரைக் கரடிக்கு வைக்கட்டுமா என்றேன். டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தாள். "வையேன். அம்மாவும் ஒரு இடத்துல உக்காரமாட்டா."

சாயங்காலம் ஊர் வானொலியில், பிங்கோ ஆட்டம் முடிந்ததும் அறிவித்துவிட்டேன். கரடியின் பேர் ஊவிலுக்.

பிப்ரவரி 14
கடையில் ஜேபெட்டியைப் பார்ப்பவர்கள் எல்லாம், "மாமியார் சாப்ட்டாங்களா?" என்கிறார்கள். என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். "நீயெல்லாம் ஒரு தாத்தாவா?"

மார்ச் 2
ஏதோ இந்தப் பக்கமா வந்த மாதிரி வந்தார். "அத்தை எங்க இருக்காங்க?"

வரைபடத்தைக் காட்டினேன்.

"அங்க பனி மெல்லிசாச்சே. ஏன் போறாங்க?"

"சீல் இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா?"

மார்ச் 10
தினமும் வருகிறார். இன்றைக்கு ரொட்டி வேறு கொண்டுவந்தார்.

மார்ச் 19
மூன்று நாளாகப் புள்ளி நகரவில்லை. எத்தனை தடவை பார்ப்பது? பட்டை எங்கேயாவது மாட்டி இழுத்திருக்குமோ? செத்துகித்து போயிருந்தா - நான்தானே மாட்டினேன். பேர் வேற வச்சுத் தொலைச்சேன். மியாலி மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஜேபெட்டியிடம் சொன்னேன். உடனே பனி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 21
பட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். வசந்தத்தில் தானாகக் கழல வேண்டிய கொக்கி முன்கூட்டியே கழன்றிருக்கிறது. அது கிடந்த இடத்துக்கப்பால் பெரிய பெரிய காலடிகளாம், நேராகப் பனி விளிம்பை நோக்கி.

"நல்லாத்தான் நடந்து போயிருக்காங்க. இருந்த காலத்துலயும் நான் குடுத்த எதையும் அவங்க போட்டதே கிடையாது."

நான் அழுதுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஏப்ரல் 9
நேற்று வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு பெண் கரடி ஜேபெட்டிக்குக் கிட்டத்திலேயே வந்ததாம். கொழுத்தது, தனியாள். துப்பாக்கியைத் தூக்கி, இறக்கி வைத்துவிட்டாராம். "கழுத்துல ஒண்ணுமில்ல. அத்தையா, வேற யாராவதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன். பாவம்.

ஏப்ரல் 15
கூட்டம். முதலில் எழுந்தது ஜேபெட்டி.

"பட்டை மாட்டட்டும். நிறைய மாட்டட்டும். எது என் மாமியார் இல்லைன்னு எனக்குத் தெரியணும்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. எட்டுப் பட்டை.

அந்த எட்டுக்கும் பேர் வைப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாமியாரை இழந்த வேட்டைக்காரர்கள் யார் யார் என்று எண்ண ஆரம்பித்தேன்.