கிட்டங்கியின் இரண்டாவது கதவு

என் அருமை மாமா சங்கரலிங்கத்துக்கு,

ரத்த உறவு இல்லாத நாம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் நமக்கு நாமே வைத்துக்கொண்ட முறை இது. நீ எனக்கு மாமன், நான் உனக்கு மாப்பிள்ளை. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் நேற்றுக் காலையில் ஆமத்தூர் விலக்கில், டீக்கடையில் வைத்து உன் குரலைக் கேட்டேன். கிளாஸில் இருந்த டீ என் வேட்டியில் சிந்திவிட்டது.

"வணக்கம், சங்கரலிங்கம் பேசுறேன். வெதைக்கிறதுக்கு முந்தி ஒரு நிமிசம் இதக் கேளுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வெள்ளாமை செய்கிற சம்சாரியின் போனிலிருந்து வந்தது. நீ கல்லூரியில் ஆராய்ச்சியாகத் தொடங்கி வைத்த விலை முன்னறிவிப்பு, இன்னும் வெள்ளிதோறும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வரி உன்னுடைய பழைய பதிவு. அதற்குப் பிறகு உன் மாணவி ரேவதி பேசுகிறாள். உன் குரலை எடுத்துவிட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்று அப்படியே விட்டிருக்கிறார்களாம். இந்த வாரச் சேதி இதுதான்: வியாபாரிகளிடம் கொத்தமல்லி இருப்பு குறைவு, அறுவடைக்கு நல்ல விலை நிற்கும், இந்த மழைக்கு மல்லி விதைக்கலாம்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. இருப்பு குறைவாக இல்லை, மாமா. என் கிட்டங்கியில் மூட்டை அடுக்கு கூரைத் தகரத்தைத் தொடுகிறது. பஜாரில் மற்றவர்கள் கிட்டங்கியும் அப்படித்தான் கிடக்கிறது.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு கிட்டங்கிக்கும் இரண்டு கதவு இருக்கும், ஒன்றைத்தான் திறப்போம். மூட்டை போய்வர அது போதும்; வெளியே நிற்கிறவனால் அடுக்கை எண்ண முடியாது. யாராவது இருப்பு கேட்டால் பாதியைச் சொல்வோம். கேட்கிறவனும் மனசுக்குள் இரட்டித்துக்கொள்வான். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. எதிரே வருகிறவனிடம் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி அது.

திங்கள்தோறும் நோட்டோடு வந்து நிற்பாய்.

"மாப்ளே, மல்லி எம்புட்டு கெடக்கு?"

"என்னத்தக் கெடக்கு? எலி வந்து பாத்துட்டு அழுதுட்டுல போகுது."

"எலி கதை வேண்டாம்லே. மூட்டையச் சொல்லு."

நான் பாதியைச் சொல்வேன், நீ எழுதிக்கொள்வாய். நீயும் இந்தத் தெருவில் வளர்ந்தவன்தானே, இரட்டித்துத்தான் எழுதுவாய் என்று இருந்துவிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நெசமாவா?" என்று என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?

டீக்கடையிலிருந்து நேரே ரேவதியிடம் போனேன். உன் நோட்டுகளை எடுத்து முன்னால் போட்டாள். ஒவ்வொரு வியாபாரி பெயருக்கு எதிரேயும் உன் கோழிக் கிறுக்கல் எழுத்தில் 'இரட்டி' என்று போட்டிருந்தாய். என் பெயருக்கு எதிரே மட்டும் 'சொன்னது சொன்னபடி'. அடுத்த பக்கங்களில் மற்றவர்களின் 'இரட்டி'யையும் அடித்திருந்தாய். ரேவதி சொன்னாள்: "சார் உங்களத்தான் அளவுகோலா வச்சிருந்தாக. மாப்ள செல்லையாகிட்டயே இவ்வளவுதான் இருக்குன்னா, மத்தவங்களும் உண்மையத்தான் சொல்றாங்கன்னு முடிவு பண்ணிட்டாக. இப்பவும் நீங்கள்லாம் போன்ல சொல்றத அப்படியேதான் போடுறோம்."

அவள் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, மெய்யைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

இத்தனை வருஷம் மழை ஏமாற்றியது. விளைச்சல் படுத்ததால் விலை ஏறியது, உன் அறிவிப்பு பலித்ததுபோல் தெரிந்தது. ஜனங்கள் உன்னைச் சாமி மாதிரி நம்பிவிட்டார்கள். இந்த வருஷம் மழை வரும்போலிருக்கிறது. கரிசல்காடு முழுக்க மல்லி நின்று, அதே நேரம் பஜாரில் பழைய மல்லியும் வெளியே வந்தால் என்ன ஆகும்? நீ படித்தவன், நீயே சொல்.

நாரணாபுரத்து முத்துமாரி நினைவிருக்கிறதா? தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனி மூடிக் கிடக்கிற நாட்களில் நம் கடை வாசலில் மல்லி புடைக்க வருவாளே, அவள்தான். மருந்து செலுத்துகிற அறையில் வேலை. பக்கத்து அறையில் அந்த வெடிச் சத்தம் கேட்டபோது தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள், அதனால் இருக்கிறாள். இனி அந்தக் கம்பெனிப் படி ஏறமாட்டேன் என்று மல்லாங்கிணற்றுப் பக்கம் நிலம் குத்தகைக்குப் பிடித்துவிட்டாள். இன்று காலை விதை கேட்டு என் கடைக்கு வந்தாள். காதில் தோடு இல்லை, குத்தகைப் பணத்துக்குப் போயிருக்கும்; ஈர்க்குச்சி இருந்தது.

"மல்லி போடாத தாயி. வெலை விழுந்துரும்" என்றேன்.

சிரித்தாள். "மொதலாளி, நீங்க வாங்குறவுக. வெலை ஏறும்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கீகளா?"

"என் கிட்டங்கிய வந்து பாரு. நெறஞ்சு கெடக்கு."

"ஒங்ககிட்ட கெடந்தா அது ஒங்க யோகம். மத்தவுககிட்ட இல்லன்னு சாரே சொல்லிட்டாக. செத்தும் எங்களுக்காகப் பேசுறாக அந்த மனுசன்."

விதை தரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நல்லா இருங்க" என்று பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போனாள். முதல் மழை விழுந்த மறுநாள் விதைப்பாளாம். விலை விழுந்தால் அவள் எந்தப் படி ஏறவேண்டியிருக்கும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக மெய்யைச் சொன்னேன், மாமா. செத்துப்போன உன் வாயில் இருக்கிற என் பொய்தான் ஜெயிக்கிறது.

உன்னிடம் மறைப்பானேன். நேற்றுப் பகல் முழுக்க இன்னொரு யோசனையும் ஓடியது. வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்த அறிவிப்பு நிற்கும்வரை என் சரக்கை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம். நான் வியாபாரி, அப்படித்தான் யோசிப்பேன். அந்த ஈர்க்குச்சியைப் பார்த்த பிறகு அந்த யோசனை ஓடவில்லை.

முத்துமாரி போனதும் ரேவதிக்குப் போன் போட்டு என் மெய்யான இருப்பைச் சொன்னேன். ஒருத்தர் வாய்ச்சொல்லை வைத்து எதையும் மாற்ற முடியாது, எண்ணிப் பார்க்கவேண்டும் என்கிறாள் ரேவதி. நல்ல பாடம்தான். வியாழக்கிழமை ஆட்களோடு வருகிறாள். என் கிட்டங்கியில் நான் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது என்று எண்ணித் தெரிந்துவிட்டால், நீ அடித்த 'இரட்டி' எல்லாம் மறுபடி எழுந்துகொள்ளும். வெள்ளிக்கிழமைச் சேதியில் மாற்றிப் பேசுவாள். அதற்கும் முன்னால் உன் குரல்தான் வரும்.

விஷயம் பஜாரில் பரவிவிட்டது. எதிர்க்கடைக்காரர் வந்து, "ஏலே செல்லையா, ஒங் கதவத் தொறக்குறதும் எங்க வேட்டிய அவுக்குறதும் ஒண்ணுதான்லே" என்றார். "கோவணம் கட்டிக்கிட்டு வாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மத்தியானத்திலிருந்து யாரும் என் கடை வாசலில் நிற்கவில்லை.

போய்க் கிட்டங்கியைப் பார்த்தேன். இரண்டாவது கதவின் தாழ் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இல்லையே. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். இன்னும் அசையவில்லை.

கிழக்கே மேகம் கறுத்து நிற்கிறது. இந்த ஊரில் மழையை வேண்டாம் என்று சொன்னவன் உண்டா? நான் சொல்கிறேன், வெள்ளிவரை பொறு என்று. இதை எழுதும்போதே தகரத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழுகிற சத்தம் கேட்கிறது. நின்றுவிட்டது. மறுபடி கேட்கிறது. மல்லாங்கிணற்றில் என்ன நிலவரமோ?

வியாழக்கிழமை காலை இரண்டு கதவையும் திறப்பேன். தாழ் வராவிட்டால் நிலையோடு பெயர்த்துப் போடுவேன். மழை முந்திக்கொண்டால் முத்துமாரியின் காட்டு வரப்பில் போய் நின்றாவது மறிப்பேன். இதை இரட்டித்துக்கொள்ளாதே, மாமா. பாதியாக்கவும் செய்யாதே.

சொன்னது சொன்னபடி,
உன் மாப்பிள்ளை
செல்லையா