கண்ணாடியில் எழுதிய எண்

ஆகஸ்ட் 16, 2014, சனி

தப்பான கணக்குக்குச் சரியான விடை எப்படி வரும்? மாலையிலிருந்து யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

இன்று கார்ப் பந்தயத்தின் மூன்றாவது சுற்றுக்கு முன், நேரக் கணக்குக்காகக் காற்றழுத்தத்தைக் குறிக்கும்போது போன வாரத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. ஒழுங்காகப் போட்டிருந்தால் 11.47 வந்திருக்கும். நான் கார்க் கண்ணாடியில் ஷூ பாலிஷால் பெரிதாக எழுதியது 11.55. கார் கால் மைலைக் கடந்தது 11.553 வினாடியில். ஜெயித்துவிட்டேன்.

தோற்றிருக்க வேண்டும். எழுதிய நேரத்தைவிட வேகமாகப் போனால் தோல்வி. எத்தனை வினாடியில் கடப்போம் என்று முன்னாலேயே எழுதிவிட்டு, அதை ஒட்டி ஓடுவதுதான் இந்தப் பந்தயம். வேகமாகத்தான் போயிருக்க வேண்டும் அந்தக் காற்றில்.

என் கணவர் கெரிட்டிடம் சொன்னேன். "அதிர்ஷ்டம்னு வச்சுக்கயேன்" என்று காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். பதினெட்டு வருடமாக மாவட்டத்தின் குடிநீரைச் சோதிக்கிறேன். எங்கள் படிவத்தில் அதிர்ஷ்டம் என்று ஒரு பத்தி கிடையாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மே மாதத்திலிருந்து ஓடிய எல்லா ஓட்டங்களின் நேரச் சீட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நாற்பத்தொன்று. எழுதிய எண்ணுக்கும் ஓடிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றில்கூட வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டவில்லை. ஜூலையின் புழுக்கத்திலும் இல்லை. டயர் தேய்ந்தபோதும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி இப்படிக் காட்டினால் கருவி பழுது என்று எழுதி அனுப்பிவிடுவேன். இதற்கு மட்டும் என் திறமை என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்து கொட்டகைக்குப் போய் எங்கள் பந்தயக் கார் டார்ட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. ஒரு விவசாயியின் களஞ்சியத்தில், கதவுப்பிடிவரை வைக்கோலில் புதைந்து கிடந்ததை இழுத்து வந்தோம். மூன்று குளிர்காலம். என்ஜினும் கியர்பெட்டியும் கெரிட் வேலை — ஆலையில் அச்சு வார்ப்புகள் செய்கிற கை. மின்கம்பிகள் என் வேலை. பழையதை எலிகள் தின்றிருந்தன. புதிதாக அறுபத்துநான்கு கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு வரைபடம். விரல்நுனியெல்லாம் சுட்டுக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எடையைக் குறைக்கப் பின்சீட், ரேடியோ, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்றினோம். ஹீட்டரை மட்டும் கெரிட் விடவில்லை.

"பந்தயக் காருக்கு ஹீட்டர் எதுக்கு? ஜூலைல குளிர் காயப் போறோமா?"

"பழைய கார்ல ஏதாவது ஒண்ணு பழசா இருந்துட்டுப் போகட்டுமே, நேடீன்."

அதிசயமாக ஒரு ஆசை சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

அரையிறுதியில் வாண்டாவை ஜெயித்தேன். எழுதியது 11.51. ஓடியது 11.512.

வாண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபத்தொரு வயது. அவளுடைய செவெல் கார் என்னுடையதைவிட இரண்டு வயது மூத்தது. புள்ளிக் கணக்கில் எனக்கு அடுத்து அவள்தான். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன் ப்ரொபசரம்மா, மேல இருக்கிறவர் உனக்கு மட்டும் தனியா போன் போட்டு நேரம் சொல்றாரா?"

"கணக்குதான், வாண்டா."

"நானும் கணக்குதான் போடறேன். என் கணக்கு மட்டும் தண்ணியப் போட்டுட்டு வந்த மாதிரி தள்ளாடுது!" சிரித்துவிட்டுக் கையைக் குலுக்கினாள். பிடி இரும்பு.

கெரிட் பின்னால் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எங்கள் வகுப்புக் கார்களைப் பந்தயத்துக்கு முன் பரிசோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக. எங்கள் காருக்கும் அவரே ஒட்டுகிறார். இதுவரை இதில் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

கடைசிப் பந்தயம் செப்டம்பர் 13.

ஆகஸ்ட் 27, புதன்

புதன் மாலைப் பயிற்சி. பயிற்சிக்கு எண் எழுதத் தேவையில்லை. எழுதினேன்.

முதல் ஓட்டம். என் கணக்கு 11.50. கண்ணாடியில் 11.70 என்று எழுதினேன்.

"இவ்வளவு மெதுவாவா?" என்றார் கெரிட். "காத்து நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு அப்படித்தான் வருது."

தோளைக் குலுக்கிவிட்டு, எப்போதும்போல மறுபக்க ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு என் தோள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். "இறுக்கமா இருக்கா?" ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு இதைச் செய்வார். அதிகம் தொட்டுப் பேசுகிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இல்லை நாங்கள். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பேன் — எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஓடியது 11.704.

இரண்டாவது: 11.80 எழுதினேன். பெல்ட். இறுக்கமா இருக்கா? ஓடியது 11.803.

மூன்றாவது: அதே 11.80. பெல்ட்டை இழுத்துவிட்டு அவர் தடுப்பு வேலிப் பக்கம் போனார். வரிசையில் நின்றபோது இறங்கித் துணியால் எண்ணைத் துடைத்துவிட்டு 11.60 என்று எழுதினேன்.

ஓடியது 11.802.

காருக்குக் கண்ணாடியைப் படிக்கத் தெரியாது. கெரிட்டுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆய்வுக்கூடத்தில் பதினாறு தண்ணீர் மாதிரிகள். எல்லாம் சுத்தம்.

ஆகஸ்ட் 30, சனி

இன்று வேறு வகுப்பினருக்குப் பந்தயம். கெரிட் உதவிக்குப் போய்விட்டார். ஹீட்டரைத் திறந்தேன்.

நாற்பத்தைந்து வருடப் பெட்டியில் நான்கு புத்தம்புது திருகாணிகள். உள்ளே ஹீட்டர் இல்லை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் பக்கவாட்டில் சூட்கேஸ் பூட்டில் இருப்பதுபோல எண் சக்கரங்கள். ஒரு கை பெல்ட்டை இழுக்கும்போது, பெட்டியின் அடித் துளை வழியாக மறு கைக்கு எட்டுகிற இடம். அதிலிருந்து ஒரு கம்பி என் கம்பிக்கட்டுக்குள் நுழைந்து, என்ஜினுக்குத் தீப்பொறி போகிற இடத்துக்குப் போகிறது. தீப்பொறியை அங்கங்கே துளித்துளியாகத் தடுத்து, சொன்ன நேரத்துக்கு முன்னால் கார் போய்விடாமல் பிடித்து வைக்கிறது. என் கம்பிகளோடு சேர்த்து, நான் கட்டுகிற மாதிரியே முடிச்சுப் போட்டு, அழகாகக் கட்டியிருக்கிறான் கெரிட். என் முடிச்சைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

சக்கரங்களில் இன்னமும் 11.80.

மூடி, நான்கு திருகாணிகளையும் முடுக்கிவிட்டு வந்தேன்.  

செப்டம்பர் 1, திங்கள்

தொழிலாளர் தின விடுமுறை. கொல்லையில் கெரிட் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்.

"ஹீட்டரத் தொறந்து பாத்தேன்."

இடுக்கியைக் கீழே வைத்தார். "எப்போ?"

"அத நான் கேக்கணும். எப்போ வச்ச?"

புகையைக் கையால் விலக்கினார். "பிப்ரவரில."

மே மாதம் என்று சொல்வார் என நினைத்திருந்தேன். முதல் ஓட்டங்களில் நான் தடுமாறியதைப் பார்த்து மனம் பொறுக்காமல் செய்தது என்று. அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"பிப்ரவரில என்ஜினே உள்ள வைக்கலையே."

"ஆமா."

"நான் ஒரு எண்கூட எழுதலயே கெரிட்! ஒரு தடவகூடத் தப்புப் பண்ணலயே!"

"நீ தோத்தா எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வாரம் பேச மாட்ட. வித்துடலாம்பே. மூணு வருஷம் உழைச்சிருக்கோம். நீ ஜெயிக்கணும்னு ஆசப்பட்டேன். அது ஒரு குத்தமா?"

"ஊர்ல இருக்கிற கார எல்லாம் குனிஞ்சு பாத்து ஸ்டிக்கர் ஒட்டறது யாரு?"

சாசேஜைத் திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் கருகியிருந்தது.

நான் தோற்பேன் என்று அவனுக்கு நிச்சயம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாமே? இருபத்தாறு வருஷம் கூட இருந்தவனுக்கு அதுகூடத் தோணலையா?

செப்டம்பர் 3, புதன்

கருவியைக் கழற்றிவிட்டார். "இனிமே சுத்தம். பதிமூணாம் தேதி ஓட்டு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்கிறார். பழைய கறையைத் துடைத்ததுபோல.

என் நேரக் கணக்கின் சூத்திரம் இந்தச் சீட்டுகளை வைத்துத் திருத்தித் திருத்திப் போட்டது. பொய்யை வைத்துச் சரிபார்த்த கணக்கு. கார் உண்மையில் எவ்வளவு வேகம் என்றுகூட எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 6, சனி

மழை. ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இரண்டு ரேடியோ.

செப்டம்பர் 12, வெள்ளி

இரவு உணவின்போது சொன்னேன்: "நாளைக்குக் காலைல டெல்பர்ட்கிட்ட சொல்லப் போறேன்." டெல்பர்ட் பந்தயப் பாதையின் சொந்தக்காரர்.

"இருபத்திரண்டு வருஷம், நேடீன்."

"தெரியும்."

மென்று விழுங்கிவிட்டு, "சரி" என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற ஆள் இல்லை.

டெல்பர்ட்டிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். என் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடுங்கள். ஆனால் நாளை ஒரே ஒரு சுற்று, கணக்கில் சேராவிட்டாலும் பரவாயில்லை, ஓட விடுங்கள். இத்தனை பேர் முன்னால் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அவர்கள் முன்னாலேயே, நான் எழுதிய எண்ணுக்கு என்ன ஆகிறதென்று பார்த்துவிட வேண்டும். ஏன் பதினாறு நாள் வாயைத் திறக்கவில்லை என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

செப்டம்பர் 13, சனி

கெரிட் வழக்கம்போல ஐந்து மணிக்கே தன் வண்டியில் போய்விட்டார். நான் டார்ட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குப் போனேன்.

டெல்பர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. கெரிட் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"என்ன சொன்னார்?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. உங்க கணக்குச் சரியா வரல, மனசு ஒடஞ்சு போயிடுவீங்கன்னு அவனாப் பண்ணினானாம். கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா அவனுக்கு. பொண்டாட்டிக்காக எவன் இவ்வளவு பண்றான்?"

"என் கணக்குச் சரியா வருமான்னு யாருமே பாக்கல, டெல்பர்ட்."

"விடுங்க. ஸ்டிக்கர் வேலை அடுத்த வருஷம் வரைக்கும் அவனுக்கு இல்ல. உங்க புள்ளி எல்லாம் ரத்து. இன்னிக்குக் கார் ஓட வேணாம். வீட்டுக்குப் போங்க."

ஒரு சுற்று என்று கேட்டேன். தலையை ஆட்டினார் — இரக்கத்தோடு. அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே நான்கைந்து பேர் கெரிட்டைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் முதுகில் தட்டினார். யாரோ காபி கொடுத்திருந்தார்கள். நான் சொல்ல வேண்டியதை எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டான். பிப்ரவரியில் செய்ததும் இதுதான்.

வாண்டா மட்டும் வேகமாக என்னிடம் வந்தாள்.

"எட்டுத் தடவ என் கையக் குலுக்கின."

"அப்போ எனக்குத் தெரியாது."

"அத அவரு சொன்னாரு. நீ சொல்லு. எப்போ தெரிஞ்சுது?"

"போன மாசம் இருபத்தேழு."

விரல் விட்டு எண்ணினாள். நிஜமாகவே எண்ணினாள். "பதினேழு நாள். என் பஸ்சுல வர்ற ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்க இதவிடச் சீக்கிரம் சொல்லிடும்டீ."

அவள் சொன்னதில் தப்பில்லை. அங்கே என்னைப் பார்த்துப் பரிதாபப்படாத ஒரே ஆள் அவள்தான். பட்டம் அவளுக்கு. அதை என்னை ஓட்டத்தில் ஜெயித்து வாங்க முடியாமல் போனதுதான் அவளுக்குக் கோபம் என்று வழியில் புரிந்தது.

புறப்படும்போது கெரிட் கையை உயர்த்தினார். நான் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. காலையில் கெரிட் எழுந்திருக்குமுன் டிரெய்லரோடு கிளம்பி, தெற்கே மாநில எல்லையைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமையும் பந்தயம் நடக்கிற ஒரு பாதைக்குப் போனேன். இரண்டரை மணி நேரம். அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. காரைப் பரிசோதித்த பெண்ணிடம், "ஹீட்டர் பெட்டிக்குள்ள கைய விட்டுப் பாருங்க" என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கையை விட்டாள். "காலியா இருக்கே" என்றாள்.

முதல் பயிற்சி: எழுதியது 11.50. ஓடியது 11.38.

இரண்டாவது: எழுதியது 11.40. ஓடியது 11.44.

பந்தயம், முதல் சுற்று: எழுதியது 11.42. ஓடியது 11.39. எழுதியதைவிட வேகம் — தோல்வி. ஜெயித்தவர் ஒரு கிழவர். பெயர் கேட்கவில்லை.

மூன்று சீட்டுகளையும் புது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். பிழை: 0.12, 0.04, 0.03.